அரபியில் நசுங்கிய கார்

கல்லூரியில் இணையதள வடிவமைப்பு படிக்கிறேன். பார்ப்பவர் தொட்டால் பக்கம் பதிலுக்கு ஏதாவது செய்ய வேண்டும், அதுதான் பாடம். நாளை ப்ராஜெக்ட் கொடுக்க வேண்டும்.

இங்கே வளைகுடாவில், அல் கூஸ் பகுதியில் கார் டிங்கரிங் கராஜ் வைத்திருக்கும் எங்கள் ஊர்க்காரர் முருகேசன் அண்ணனுக்காகத்தான் அந்தத் தளம். இன்று நேரில் போய்க் காட்டினேன்.

லேப்டாப் தொடுதிரையில் நசுங்கிய கார்க் கதவின் படம். நடுவில் உள்ள கோட்டை விரலால் இழுத்தால் கதவு புதிதாகிவிடும். அண்ணன் சின்னப் பிள்ளை மாதிரி திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தார்.

"சூப்பர் தங்கச்சி! அரபி கஸ்டமருக்கு?"

"அதுவும் இருக்குண்ணே."

பெருமையாக அரபிப் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். அரபி வலமிருந்து இடமாகப் போகும் என்பதால், கண்ணாடியில் தெரிவதுபோல எல்லாவற்றையும் திருப்பிப் போட்டிருந்தேன்.

அண்ணன் இழுத்தார். பளபளவென்று இருந்த கதவு நசுங்கியது.

நசுங்கிய படம் முதலில், புதிய படம் அடுத்து என்ற வரிசையும் சேர்ந்து திரும்பியிருக்கிறது. நான்தான் கவனிக்கவில்லை.

"என்னா தங்கச்சி இது? நல்ல வண்டியக் கொண்டாந்தா நசுக்கித் தருவோம்னுல்ல இருக்கு! இதப் பாத்தான்னா கலாஸ், இருக்குற கஸ்டமரும் ஓடிருவான்!"

நான் வாய் திறப்பதற்குள், ஓரத்தில் காத்திருந்த ஒருவர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். ஒரே கதவுக்காக மூன்றாவது முறையாக வண்டியைக் கொண்டுவந்திருக்கும் தமிழர்.

"அரபியிலயாவது உண்மையப் போட்டிருக்கீங்க. மாத்திராதீங்க மேடம்."

அண்ணன் அவரை முறைத்தார். நான் லேப்டாப்பை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

நாளைக்குள் திருத்தியாக வேண்டும். தளத்தையா, கராஜையா? நீங்களே சொல்லுங்கள் மக்களே.