அம்மன் முந்தானையில் என் கிளினிக் போர்டு

ஒரு டாக்டரின் பெயரை மருத்துவப் பதிவேட்டிலிருந்து எதற்கெல்லாம் நீக்கலாம் என்று படிக்கிற காலத்திலேயே உருப்போட்டிருக்கிறேன். குடித்துவிட்டு வைத்தியம் பார்ப்பது, பொய் சர்டிபிகேட் கொடுப்பது, ஸ்கேன் சென்டரில் கமிஷன் வாங்குவது, நோயாளியின் ரகசியத்தை ஊருக்குச் சொல்வது. இதில் ஒன்றைக்கூடச் செய்ய எனக்குத் துணிச்சலும் கிடையாது, நேரமும் கிடையாது. அதனால் மருத்துவக் கவுன்சிலில் இருந்து நோட்டீஸ் வந்தபோது, கூரியர்காரர் வீடு மாறி வந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். பிரித்துப் பார்த்தால், நான் விளம்பரம் செய்துவிட்டேனாம். டாக்டர் தன்னை விளம்பரப்படுத்திக்கொள்ளக் கூடாது, அதற்கும் பெயரை நீக்கலாம். சரி, எங்கே விளம்பரம் செய்தேன்? அம்மன் புடவையில்.

சிரிக்காதீர்கள். என் கணவர் சிரித்தார், அவரோடு நான் ரெண்டு நாள் பேசவில்லை.

நடந்தது இதுதான். செவிலிமேட்டில் இருக்கிற என் கிளினிக்குக்கு ஒரு நெசவாளர் சர்க்கரை நோய்க்காக வருவார். அறுபதைத் தொடும் வயசு. பேச்சு ஜாஸ்தி, மாத்திரை கம்மி. ஒரு நாள் வலது பாதத்தில் ஆறாத புண்ணோடு வந்து நின்றார். வேறொரு இடத்தில் காலையே எடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டார்களாம். தறியில் உட்கார்ந்து மிதிக்கிறவருக்குக் கால் போனால் தறியும் போனமாதிரிதான். எனக்குக் கோபம் வந்தால் நன்றாக வேலை செய்வேன். அவரைத் திட்டி, அவர் வீட்டாரைத் திட்டி, தினமும் வரவழைத்துக் கட்டுப் போட்டேன். கால் பிழைத்தது. இனிமேல் வீட்டுக்குள்கூடச் செருப்பில்லாமல் நடக்கக் கூடாது என்று கண்டித்து அனுப்பினேன்.

கால் தப்பினால் பட்டுப்புடவை சாத்துவதாக அவர் தன் தெரு அம்மனுக்கு வேண்டியிருந்தார். அதில் என் பெயரும் இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறார். நல்ல மனசு. செய்த விதம்தான் வம்பு. இப்போதெல்லாம் ஒரு மாதிரியைப் போனில் படம் பிடித்துக் கொடுத்தால், டிசைன் கடையில் கம்ப்யூட்டரில் ஏற்றி, தறியில் அந்த டிசைன் விழுவதற்கான துளை அட்டையை அடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். அவர் என் கிளினிக் போர்டைப் படம் பிடித்துக் கொடுத்துவிட்டார். கொடுத்த மாதிரியில் உள்ளதைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்பது அவர்கள் தொழில் பழக்கம். ஆகவே அரக்கு முந்தானையில், சுத்த ஜரிகையில், என் பெயர், பெயருக்குப் பின்னால் பட்டம், போன் நம்பர், மாலை ஆறு முதல் ஒன்பது வரை, ஞாயிறு விடுமுறை, செருப்பை வெளியே விடவும்.

ஆடி மாதம் அதை அம்மனுக்குச் சாத்தினார்கள். அலங்காரம் செய்தவர் கலைஞர். முந்தானையை ஒரு எழுத்தும் மறையாதபடி முன்னால் விரித்துவிட்டார். படம் ஊரிலுள்ள எல்லாப் போனுக்கும் போனது. வாலாஜாபாத்திலிருந்து ஒருவர் மூட்டு வலியோடு வந்து, "அம்மனே இங்க வரச் சொல்லிச்சும்மா" என்றார். எனக்கு வந்த எரிச்சலில் அவருக்கு ரத்த அழுத்தம் பார்க்க மறந்து, எனக்கே பார்த்துக்கொண்டேன். அதே படம் யார் மூலமாகவோ கவுன்சிலுக்கும் போய்ச் சேர்ந்தது.

விசாரணைக்குச் சென்னை போகும்போது, சாட்சி சொல்ல வந்த நெசவாளர் பஸ்ஸில் முன் சீட்டில் பட்டு வேட்டியோடு உட்கார்ந்திருந்தார், கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி. பெயரை எடுத்துவிட்டால் நான் என்ன செய்வேன்? எனக்கு வைத்தியம் தவிர வேறொன்றும் தெரியாது. சமையல்கூடச் சுமார்தான்.

விசாரணையில் மூன்று மூத்த டாக்டர்கள். நடுவில் இருந்தவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு நெசவாளரிடம் கேட்டார்: "டாக்டர் உங்களிடம் போடச் சொன்னாரா?"

"அவங்களுக்குத் தெரியவே தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா திட்டிக்கினே இருந்திருப்பாங்க."

"பெயர் சரி. போன் நம்பர் எதற்கு?"

"ஆயிரம் பேரு வேண்டிக்கினு இருக்காங்க. எந்த டாக்டரு, எந்த எடம்னு அம்மனுக்கு வெவரமா சொல்ல வேணாமுங்களா?"

"ஞாயிறு விடுமுறை?"

"ஞாயித்துக்கெழமை ஆசீர்வாதம் பண்ண வந்துட்டு, பூட்டு தொங்குதேன்னு அம்மன் திரும்பிப் போயிடக் கூடாதில்லீங்களா?"

ஓரத்தில் இருந்தவர் தண்ணீர் குடிப்பதுபோல் முகத்தை மறைத்துக்கொண்டார். நடுவில் இருந்தவர் மட்டும் சிரிக்கவில்லை. நான் கேட்டுச் செய்ததல்ல என்று நம்புவதாகச் சொன்னார். ஆனால் அந்தப் புடவை இனி யார் கண்ணிலும் படக் கூடாது, மறுபடி வெளியே வந்தால் சில மாதங்களுக்காவது பெயர் நீக்கப்படும் என்றார்.

சொல்வது சுலபம். அம்மனுக்குச் சாத்திய புடவை அம்மனுடையது. திருப்பிக் கேட்க முடியாது, ஏலத்தில்தான் எடுக்க வேண்டும். வேறு யாராவது எடுத்துவிட்டால் கட்டாமல் இருப்பார்களா? ஊரில் நடக்கிற ஒவ்வொரு கல்யாணத்திலும் என் போன் நம்பர் பந்திக்குப் பந்தி நடமாடும்.

ஏல நாளன்று கோயில் மண்டபத்தில் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன். மைக் பிடித்தவர் புடவையை உயர்த்தி, "டாக்டரம்மா புடவை! மாலை ஆறு முதல் ஒன்பது வரை!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி படித்தார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். பக்தி என்று நினைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தார்.

நான் ஒரு விலை சொன்னேன். தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் அதற்கு மேல் கேட்டது. நான் ஏற்றினேன், அதுவும் ஏற்றியது. மற்றவர்கள் எல்லாம் ஒதுங்கிவிட்டார்கள், அந்தக் குரல் மட்டும் விடுவதாக இல்லை. கவுன்சிலுக்குப் படத்தை அனுப்பிப் புகார் கொடுத்த ஆளேதான் என்று முடிவு கட்டி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து போய்ப் பார்த்தேன். தூணில் சாய்ந்தபடி நெசவாளர்.

"ஏங்க இப்படி ஏத்திக்கிட்டே போறீங்க?"

"எவளோ ஒருத்தி விடாம ஏத்திக்கினே இருக்குதும்மா. என்னா ஆனாலும் எடுத்து உங்க கையில குடுத்துடணும்னுதான்..."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கடைசியாக நான் சொன்ன விலைக்கே புடவை என் கைக்கு வந்தது. அப்போதுதான் அவர் நொண்டுவதைக் கவனித்தேன். அங்கேயே உட்கார வைத்துப் பாதத்தைத் திருப்பினேன். பழைய புண் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் புதுக் கொப்புளம்.

"செருப்பில்லாம நடக்கக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!" என்று கத்தினேன். மண்டபமே திரும்பிப் பார்த்தது.

"எங்கியும் நடக்கறதில்லம்மா, சத்தியமா. கோயில்லயும் உங்க கிளினிக்லயும் மட்டுந்தான். முந்தாநாள் சுகர் பாத்துக்கினு போகலாம்னு நாலு மணிக்கே வந்து வரிசையில நின்னேன். உங்க வாசல் சிமென்ட்டு கொதிக்குதுன்னு மத்தவங்க சொன்னாங்க, எனக்குத் தெரியல." அவர் என் மடியிலிருந்த முந்தானையின் கடைசி வரியைத் தொட்டுக் காட்டினார்: செருப்பை வெளியே விடவும். "நீங்கதான் போட்டிருக்கீங்களேம்மா."

காலில் உணர்ச்சி குறைந்த சர்க்கரை நோயாளிகள் எல்லாரும் அந்த வரிக்குக் கட்டுப்பட்டுத்தான் இத்தனை காலமும் என் வாசலில் வெறுங்காலோடு வரிசையில் நின்றிருக்கிறார்கள். தரை சுத்தமாக இருக்கிறது என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

புடவை இப்போது என் பீரோவில் பூட்டி இருக்கிறது. மறுநாளே பெயிண்டரை வரவழைத்துப் போர்டின் கடைசி வரியை அழித்துவிட்டேன். கொப்புளமும் திட்டும் கட்டுமாக ஒருவழியாக ஆறிவிட்டது. அவர் இப்போது செருப்புச் சத்தத்தோடு நேராக என் அறைக்குள் வந்து உட்காருகிறார், தரையெல்லாம் மண். பதிவேட்டில் என் பெயர் இருக்கிறது. அன்று சென்னையில் பெயரை, நம்பரை, ஞாயிற்றுக்கிழமையை எல்லாம் கேட்டவர்கள் அந்தக் கடைசி வரியை மட்டும் கேட்கவில்லை.