இடதுபக்கம் இழுத்த ஒற்றைச் சக்கரம்

நாலு சக்கர நடவு மெஷினைக் கொடுத்துவிட்டு ஒற்றைச் சக்கர மெஷின் எடுத்துவிடலாம் என்று என் கணவர் சொன்னபோதே எனக்குப் பொறி தட்டியது. ஒரு ஜோடி செருப்பு எடுக்க மன்னார்குடியில் மூன்று கடை ஏறி இறங்குகிற மனிதர் அவர். அப்படிப்பட்டவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, ரசம் கேட்கிற குரலில் இதைச் சொல்கிறார். காரணம் கேட்டேன். நாலு சக்கரம் புதைசேற்றில் உட்கார்ந்துவிடுகிறது, ஒவ்வொரு தடவையும் டிராக்டர் வைத்து இழுக்க வேண்டியிருக்கிறது, ஒற்றைச் சக்கரம் எடை குறைவு, மிதந்துகொண்டே போகும் என்றார். எல்லாம் சரிதான். ஆனால் அதை யார் ஓட்டுவது என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

நாலு சக்கரத்தை ஓட்டியது நான். தஞ்சாவூரில் ஒரு வாரப் பயிற்சிக்கு நாங்கள் இருவரும் போனோம். அவர் ஓட்டினால் வரிசை வாய்க்கால் மாதிரி வளைந்து போகும். நான் ஓட்டினால் நூல் பிடித்தது போல் இருக்கும். அதனால் ஸ்டீயரிங் என் கைக்கு வந்தது, பாய் மாதிரி வளர்த்த நாற்றை, அந்த நாற்றுப் பாயை, சுருட்டிக்கொண்டு வந்து கொடுக்கும் வேலை அவருக்குப் போனது. அடுத்தவர் வயலில் குனிந்தே நடவு நட்டவர் என் அம்மா. நான் உட்கார்ந்துகொண்டு நடுகிறேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு திமிர் உண்டு, மறைக்கவில்லை. அந்தச் சீட்டை யாராவது பறிக்க வந்தால் விட்டுவிடுகிற ஆள் இல்லை நான்.

அவர்மேல் சந்தேகம் வந்தது அந்தப் பயிற்சி முடிந்து திரும்பிய பஸ்ஸில்தான். நான் ஜன்னலோரம், அவர் எனக்கு இடதுபக்கம். ஊருக்குப் போனால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களே என்று மனம் அடித்துக்கொண்டது. நீடாமங்கலம் தாண்டியதும் கொஞ்சம் தைரியம் வரவழைத்துக்கொண்டு, நான் மெஷின் ஓட்டுவது உங்களுக்குப் பிடிக்கவில்லையா என்று கேட்டேன். அவர் பேசவில்லை. நேராகக் கண்டக்டர் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தார். முகத்தில் ஒரு சலனம் இல்லை. சரி, பிடிக்கவில்லை என்று முடிவு செய்துகொண்டேன். அதற்குப் பிறகு நான் கேட்கவும் இல்லை, அதை மறக்கவும் இல்லை.

அன்று தொடங்கி அவர் செய்ததெல்லாம் என் கண்ணில் ஒரு கணக்காகத்தான் பட்டது. வயலில் நான் கூப்பிட்டால் திரும்ப மாட்டார். போனை எப்போதும் இடது காதில்தான் வைப்பார், நான் அந்தப் பக்கம் போய் நின்றால் பேச்சைச் சுருக்கிவிடுவார். போன தாளடி நடவில் வரப்போரம் மெஷினைப் பின்னால் எடுத்தபோது நகருங்க, நகருங்க என்று தொண்டை கிழியக் கத்தினேன். சக்கரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றார். கடைசி நொடியில் பிரேக்கை மிதித்தேன். அவர் காலடியில் இருந்த தூக்குவாளி நசுங்கியது. வேண்டுமென்றே நின்றீர்களா, எனக்குக் கெட்ட பேர் வாங்கிக்கொடுக்கத்தானே என்று வரப்பிலேயே சண்டை போட்டேன். அவர் நசுங்கிய வாளியை எடுத்துக் கழுவினார். அது நடந்து பத்துப் பதினைந்து நாளில்தான் இந்த ஒற்றைச் சக்கரப் பேச்சு வந்தது. அப்புறம் எனக்கு எப்படித் தோன்றும்?

அடுத்த சம்பா நடவுக்கு மெஷின் வந்து இறங்கியது. முன்னால் இரும்புப் பல் வைத்த ஒரே ஒரு சக்கரம், பின்னால் சேற்றில் வழுக்கிக்கொண்டு வரும் மிதவைப் பலகை, இரண்டுக்கும் நடுவில் ஓட்டுகிறவர் சீட்டு. சீட்டுக்குப் பின்னால் இருவர் உட்காரும் அகலத்தில் ஒரு பலகை. அதில் உட்கார்ந்து, ஓட்டுகிறவருக்கு முதுகு காட்டி, நாற்றுத் தட்டில் பாயை எடுத்து வைக்க வேண்டும். கொண்டுவந்து கொடுத்த ஆள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இதில் கை கொஞ்சம் அழுத்தமாக இருக்க வேண்டும் என்று அவரிடம் சொன்னான். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சாவியை என்னிடம் நீட்டினார். அதையும் நான் நம்பவில்லை. நானே ஓட்டி, நானே கெடுத்து, நானே வேண்டாமென்று இறங்கட்டும் என்று காத்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

முதல் வேலை, திருவாரூர் போகிற மெயின் ரோட்டை ஒட்டிய வயல். நிலத்துக்காரர் சிங்கப்பூரில் இருந்துவிட்டுத் திரும்பியவர். எல்லாவற்றையும் வீடியோ எடுப்பவர். ஓட்டுறது அண்ணன்தானே என்று கேட்டார். நான்தான் என்றதும் சிரித்துவிட்டுப் போனை எடுத்து வீடியோவை ஆரம்பித்தார். அந்த வயலின் சிக்கல் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். நட்ட வரிசை கோணினால் பயிர் தூர்கட்டி அடர்ந்து மூடுகிறவரை, ஒரு மாசம், பஸ்ஸில் போகிற ஒவ்வொருவனும் பார்த்துக்கொண்டே போவான். யார் நட்டது என்று விசாரிப்பான். அந்தச் சம்பாவில் என்னை இன்னொருவர் கூப்பிடுவாரா இல்லையா என்பது அந்த ஒரு வயலில் இருந்தது.

கிளம்பிய நூறு அடியிலேயே மெஷின் இடதுபக்கம் இழுத்தது. கைப்பிடியை வலதுபக்கம் ஒடித்துப் பிடித்தேன். நேராக வந்தது, விட்டால் மறுபடி இடது. கரை திரும்பி இரண்டாவது நடை வந்தேன், அதே கதை. முதலில் மெஷினைச் சந்தேகப்பட்டேன், சக்கரம் கோணலோ என்று. பிறகு கொண்டுவந்த ஆளைச் சந்தேகப்பட்டேன், அடிபட்ட வண்டியைத் தலையில் கட்டிவிட்டானோ என்று. பிறகு உழவைச் சந்தேகப்பட்டேன். நாலாவது நடையில்தான் திரும்பிப் பார்த்தேன். இருவர் உட்காரும் பலகையில் என் வீட்டுக்காரர் நடுவில் இல்லை. மெஷினின் இடதுகோடியில், பாதி உடம்பு வெளியே தொங்க, ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"நடுவுல உக்காருங்க" என்றேன்.

சரி என்று நகர்ந்து உட்கார்ந்தார். மெஷின் நேராகப் போனது. அரை நடை போயிருக்கும், மறுபடி இழுத்தது. திரும்பினேன். பழையபடி கோடியில்.

எனக்கு உச்சந்தலைவரை ஏறியது. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். நாலு சக்கரத்தில் ஒரு ஆள் எங்கே உட்கார்ந்தாலும் வண்டிக்குத் தெரியாது. ஒற்றைச் சக்கரத்தில் ஒரு ஆள் சாய்ந்தால் வரிசையே சாயும். இதற்காகத்தான் இதை வாங்கினார். நான் ஓட்டும்போதே, என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டே, என் கோட்டைக் கோணலாக்குகிறார். ரோட்டில் ஊர் பார்க்கிறது, வரப்பில் வீடியோ ஓடுகிறது. பொம்பளை ஓட்டினால் இப்படித்தான் என்று முடித்துவிடலாம்.

வயலின் நடுவில் மெஷினை நிறுத்தினேன். என்ஜினை அணைக்கவில்லை. அவருக்குச் சொல்லாமல் சேற்றில் இறங்கி, பலகையைச் சுற்றி, பின்பார்த்து உட்கார்ந்திருந்த அவருடைய வலதுகைப் பக்கம் போய் நின்றேன். இரண்டடி தூரம்கூட இல்லை. கீழே இறங்குங்கள் என்றேன். அசையவில்லை. சத்தமாகச் சொன்னேன். அசையவில்லை. அடுத்து நான் சொன்னதை இங்கே எழுத முடியாது. கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் அவரைச் சொன்னதில்லை. அதற்கும் அவர் முகம் மாறவில்லை. என் சீட்டுப் பக்கமாகத் தலையைச் சாய்த்து, இடது காதை அந்தக் காலிச் சீட்டிடம் கொடுத்து, கண்ணைச் சுருக்கி, கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு அந்தக் காலிச் சீட்டிடம், "என்னம்மா, ஏதாச்சும் சொன்னியா?" என்றார்.

போன் எப்போதும் இடது காதில். தூக்குவாளி. கூப்பிட்டால் திரும்பாதது. பலகையின் கோடி: பின்பார்த்து அங்கே உட்கார்ந்தால்தான் அவருடைய இடது காது என் சீட்டுப் பக்கம் வரும். நான் சேர்த்து வைத்திருந்த குற்றமெல்லாம் ஒவ்வொன்றாக வந்து வேறு பக்கம் திரும்பி நின்றன. கையை நீட்டி அவர் வலது தோளைத் தொட்டேன். தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினார். என்னை அந்தப் பக்கம் பார்த்ததும், சீட்டைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். மாட்டிக்கொண்டோம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

மெஷினை அணைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தோம். நிலத்துக்காரர் என்ன ரிப்பேர் என்று கேட்டுக்கொண்டு வந்தார். டீ சொல்லிவிடுங்கள் என்று அவரை அனுப்பினேன். இந்தத் தடவை நான் இவருடைய இடதுபக்கம் உட்கார்ந்தேன். எத்தனை நாளாக என்று கேட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் பழைய டிராக்டர் ஓட்டியபோதே சைலன்சர் பக்கத்துக் காது மந்தமாகிவிட்டது, இப்போது சுத்தமாக இல்லை என்றார். ஏன் சொல்லவில்லை என்றதற்கு, "செவிடன்னு ஒரு தடவ பேரு வந்துடுச்சுன்னா அப்புறம் அதான் பேரு" என்றார். எனக்கு அழுகையும் வந்தது, அடிக்கவேண்டும் போலவும் இருந்தது. இத்தனை வருஷம் ஒரு கேட்காத காதோடு தனியாகச் சண்டை போட்டிருக்கிறேன். இதில் அன்று வரப்போரம் அவர்மேலேயே சக்கரத்தை ஏற்றியிருப்பேன்.

அப்போதுதான் அந்த பஸ் நினைவுக்கு வந்தது. நான் ஜன்னலோரம். அவர் எனக்கு இடதுபக்கம். என் பக்கம் இருந்தது அவருடைய வலது காது.

அவர் இடது காதுக்குப் பக்கத்தில் குனிந்து, பஸ்ஸில் கேட்டதை அப்படியே மறுபடி கேட்டேன். "நான் மெஷின் ஓட்டுறது ஒங்களுக்குப் புடிக்கலையா?"

அவருக்கு இது எங்கிருந்து வருகிறது என்று புரியவில்லை.

"புடிக்கலன்னா நாலு சக்கரத்தையே வச்சிருந்திருப்பேனே" என்றார். "அதுல நான் ஒனக்கு எட்டத்துல நிக்கணும். நீ கத்துறது எனக்குக் கேக்கல. இதுல ஒன் பக்கத்துலயே உக்காரலாம்ல."

டீ வந்தது, குடித்தோம். பிறகு நான் எழுந்து ஒரு காலி உரச்சாக்கை எடுத்து, வரப்போரத்து மண்ணை அள்ளிப் போட்டு, அவர் எடைக்குக் கிட்டத்தட்டச் சமமாக வரும்வரை நிரப்பினேன். இருவரும் பிடித்துத் தூக்கிப் பலகையின் வலதுகோடியில் வைத்துக் கட்டினோம். மெஷினைக் கிளப்பினேன். கைப்பிடியை ஒடிக்காமலே கோடு நேராகப் போனது. பின்னாலிருந்து அவர் ஒவ்வொரு பாய் வைக்கும்போதும் நான் சரியா என்று கேட்டேன். ஒவ்வொரு தடவையும் சரி என்றார்.

முதல் நாலு நடை கோணலாகவே நின்றது. பிடுங்கி நடவில்லை. ஒரு மாசம் பஸ்ஸில் போனவர்களெல்லாம் பார்த்தார்கள், யார் நட்டது என்று விசாரிக்கவும் செய்தார்கள்.

வேலை முடிந்து மெஷினைக் கரையேற்றும்போது நிலத்துக்காரர் மூட்டையைத் தட்டிப் பார்த்தார். "அண்ணன நடுவுல உக்காரச் சொல்லியிருந்தா இந்த மூட்டையே தேவப்பட்டிருக்காதேங்க" என்றார்.

"இல்லைங்க" என்றேன். "அவரு அங்கதான் உக்காரணும்."