றுவைஸின் சிலிண்டரும் முதலாளியின் இரண்டு தராசுகளும்

மூதூர் றுவைஸ், ஒரே பிழையை இருபது வருஷம் ஒழுங்கு தவறாமல் செய்துவந்த மனிதர். பழுதான குளிர்சாதனப்பெட்டி எது வந்தாலும் குழாயை வெட்டுவார். உள்ளே அடைபட்டிருந்த வாயு ஒரு பெருமூச்சு விட்டுக் கடற்பக்கமாகப் புறப்பட்டுப் போகும். பெட்டி பழைய இரும்புக்காரரிடம் போகும். யாரும் முறைப்பாடு செய்யவில்லை. வாயுவுக்கு அடையாள அட்டையும் இல்லை, காணவில்லை என்று தேடி வர உறவினரும் இல்லை.

பிறகு திருகோணமலையில் ஐந்து நாள் பயிற்சி ஒன்று நடந்தது. மத்தியானச் சாப்பாடு நல்லாயிருக்கும் என்ற நம்பகமான தகவலின் பேரிலேயே போனார். மூன்றாம் நாள், சோற்றுக்குப் பிந்திய அந்த இனிய மயக்கத்தில், ஒரு குரல் மிதந்து வந்தது: இந்த வாயு ஒரு கிலோ வானத்துக்குப் போனால், ஆயிரத்தெண்ணூறு கிலோ கரியமில வாயு போனதற்குச் சமம், போதாக்குறைக்கு ஓசோன் படையையும் அரிக்கும்.

அன்று தொடங்கின கனவுகள். கொட்டியாரக் குடாவுக்கு மேலே, அவர் விட்ட வாயுவெல்லாம் வெள்ளைச் சட்டை போட்டுக் கூட்டம் கூடியிருக்கும். தலைவர் எழும்புவார். தொண்டையைச் செருமுவார். றுவைஸின் பெயரை மட்டும் முழுசாக வாசித்துவிட்டு உட்காருவார். அவ்வளவுதான் கூட்டம்.

இப்படி ஆறு மாதம் பெயர் வாசிக்கப்பட்ட மனிதர் என்ன செய்வார்? வாயுவை உறிஞ்சியெடுத்துச் சிலிண்டரில் அடைக்கிற இயந்திரம் ஒன்றை வாங்கினார். அவருடைய மனைவி நஸ்ரியா அதைச் சுற்றி வந்து பார்த்தார். "காத்தைப் புடிச்சி வெக்கிறத்துக்கு மெசினா? வீட்டுக்குள்ள வாற காத்துக்கு ஒரு ஃபேன் வாங்கியிருக்கலாமே."

இப்படிப்பட்டவரைத்தான் கட்டைபறிச்சான் ஊர் மீன் முதலாளி ஞானசேகரம் கூப்பிட்டார். அவருடைய பழைய குளிரறையைக் கழற்ற வேண்டும். இரும்பு ஏற்ற லொறியும் வந்து நின்றது.

"குழாயை வெட்டினா ரெண்டு நிமிசம்," என்றார் லொறிக்காரர்.

"வெட்ட ஏலாது," என்றார் றுவைஸ். "முதல்ல வாயுவை எடுக்கணும்."

விஷயம் இதுதான். வாயு சிலிண்டருக்குள் திரவமாகக் கிடக்கும். வெயிலில் வீங்கும். வீங்க இடம் விட வேண்டும். றுவைஸின் சிலிண்டர் பத்துக் கிலோவுக்கு மேல் தாங்காது, மிஞ்சினால் வெடிக்கக்கூடும். வெறும் சிலிண்டரின் எடை பத்து என்று கழுத்திலேயே அடித்திருந்தது. ஆக, மொத்தம் இருபது காட்டியதும் வால்வைப் பூட்ட வேண்டும். ஆனால் அவருடைய தராசு, ஓட்டோவில் வந்த குலுக்கலில் கண்ணை மூடிவிட்டது.

"தராசுக்கா பஞ்சம்?" என்றார் முதலாளி. பூவரச மரத்தடியில், மீன்பிடிக்கிறவர்களிடம் மீன் வாங்குகிற தராசைக் காட்டினார். வெறும் சிலிண்டரை அதில் ஏற்றினார்கள். வட்ட முகத்தில் முள் ஒன்பதில் நின்றது.

றுவைஸ் கழுத்தைப் பார்த்தார். பத்து. முள்ளைப் பார்த்தார். ஒன்பது.

"உள்ள ஒண்டுமில்லைத்தானே தம்பி," என்றார் முதலாளி. "வெறுமை ஒரு கிலோவை இழுத்திருக்கும்."

உலக விஞ்ஞானம் இந்தக் கருத்தைப் பரிசீலிக்க முன்னரே, றுவைஸ் முன்பக்கம் போய், சனங்களுக்கு மீன் விற்கிற தராசில் சிலிண்டரை வைத்தார். பதினொன்று.

"பாத்தீங்களா, ஒண்டு ஒன்பது, மற்றது பதினொண்டு. நடுவில பத்து! எல்லாம் சரியாத்தான் இருக்கு," என்றார் முதலாளி.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நண்டுக் கூடையோடு நின்றவள் பூரணி. பன்னிரண்டு வருஷமாக மரத்தடித் தராசில் நண்டு கொடுப்பவள். கூடையை நிலத்தில் வைத்தாள்.

முன்தராசை மீன் வாங்க நின்ற சனம் விட்டுக்கொடுக்கவில்லை. சிலிண்டர் மரத்தடிக்கே திரும்பியது. றுவைஸ் குனிந்து மெல்லக் கேட்டார்: "முதலாளி, உண்மையச் சொல்லுங்க. இது எப்பவும் ஒரு கிலோ குறைக்குதா, இல்லாட்டிப் பத்துக்கு ஒண்டு குறைக்குதா? ஒரு கிலோ எண்டா பத்தொன்பதில நிப்பாட்டணும். பத்துக்கு ஒண்டு எண்டா பதினெட்டில."

முதலாளி யோசித்தார். இரண்டு பாவத்தில் சின்னதைத் தெரிவு செய்தார். "ஒரு கிலோதான். ஆணியில ஏதோ இளக்கம்."

"நல்லம். அப்ப பக்கத்தில கதிரை போட்டு இருந்து முள்ளைப் பாருங்க. பத்தொன்பது வரக்குள்ள சொல்லுங்க."

இயந்திரம் முனகத் தொடங்கியது. அது ஒரு விசித்திரமான தாலாட்டு. குடாவில் அலை இல்லை. வள்ளங்கள் தங்கள் நிழலின் மேலேயே படுத்திருந்தன. லொறிக்காரர் ஸ்டியறிங்கில் தலை சாய்த்தார். மரத்திலிருந்த காகம் கழுத்தை இறகுக்குள் செருகியது. இருபது வருஷம் மீனைக் குளிராக வைத்திருந்த அந்தக் கண்ணுக்குத் தெரியாத பொருள், குழாய் வழியே மெல்ல மெல்ல இறங்கி வந்து, தனக்கொரு எடை இருப்பதை முதல்முறையாக நிரூபித்துக்கொண்டிருந்தது. பன்னிரண்டு. பதினான்கு. பதினாறு.

முழு ஊரும் உறங்கிக்கொண்டிருக்க, நித்திரை கொள்ள ஏலாத ஒரே மனிதர் ஞானசேகரம் முதலாளி. கதிரை பின்னால் நகர்ந்தது. பதினேழு. இன்னும் நகர்ந்தது. பதினேழரை.

"என்ன முதலாளி, தூரப் போறீங்க? முள்ளுத் தெரியுதா?"

"தெரியுது, தெரியுது..."

முள் பதினெட்டைத் தொட்டது. கதிரை கவிழ்ந்தது.

"நிப்பாட்டும்! நிப்பாட்டும் தம்பி! பத்துக்கு ஒண்டு! பத்துக்கு ஒண்டுதான் குறைக்கிறது!"

றுவைஸ் வால்வைப் பூட்டினார். அவருடைய கை பதினேழிலிருந்தே வால்வில்தான் இருந்தது. முதலாளி அதைக் கவனிக்கவில்லை. குளிரறைக் குழாயில் மிச்சமிருந்த கொஞ்ச வாயுவை றுவைஸ் தன்னிடமிருந்த ஒரு சின்னச் சிலிண்டருக்கு மாற்றினார். இயந்திரத்தின் அழுத்தமானி முள் பூச்சியத்துக்குக் கீழே போய் அசையாமல் நின்றதும் லொறிக்காரரை எழுப்பினார்: "இனி வெட்டுங்க."

பிறகு சிலிண்டரில் ஒட்டும் சீட்டை எடுத்தார். வாயுவின் பெயர், திகதி எழுதினார். எடை என்ற இடத்தில், மிகுந்த பொறுப்புணர்வோடு, "பத்துக் கிலோ, முதலாளியின் வாக்குமூலப்படி" என்று எழுதினார்.

மரத்தடித் தராசு காலியாக இருந்தது. பூரணி நண்டுக் கூடையைத் தூக்கி அதில் வைத்தாள். முள் நாலரையில் நின்றது. அவள் வாய் திறக்க முன்னரே முதலாளி, "அஞ்சு," என்றார்.

"அஞ்சு," என்றாள் பூரணி. கவிழ்ந்து கிடந்த கதிரையை நிமிர்த்தி, சேலையை ஒதுக்கி, வசதியாக உட்கார்ந்தாள்.

"சரி முதலாளி. இனி நேற்றைய கணக்கில இருந்து தொடங்குவம்."