மேகத்துக்கு மேலே கண்ட பிறை

பள்ளிவாசல்துறையில் ஏதாவது ஒரு வள்ளத்தின் எஞ்சின் இருமி இருமிப் பிடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டால் எல்லோரும் கடலைப் பார்ப்பார்கள். நான் வானத்தைப் பார்ப்பேன். ஐம்பது தாண்டியும் இந்தப் பழக்கம் போகவில்லை. மாமாவின் விமானம் அப்படித்தான் இருமும்.

மாமா என் உம்மாவின் தம்பி. சிலாபப் பக்கம் தன்னந்தனியாகத் தென்னந்தோட்டம் பார்த்துக்கொண்டிருந்தவர். அதில் ஒரு துண்டைக் கொடுத்து, இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய பழைய விமானமொன்றை வாங்கிவிட்டார். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், கடல் உள்ளே புகுந்து தேங்கிய களப்பின் ஓரத்தில், உப்பு இறுகிக் கிடக்கும் வெளியில் வந்து இறங்குவார். அதற்கு முன் ஒருதரம் தாழப் பறந்து அங்கே மேயும் கழுதைகளைக் கலைக்க வேண்டும். ஜும்ஆத் தொழுகை முடிந்ததும், சின்னப் பெண்ணான என்னை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவில் எங்கள் ஊர், யாரோ காயப்போட்டு மறந்த சால்வை மாதிரி.

உம்மா கிட்டவே வரமாட்டா. முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு தூரத்தில் நின்று, "தோட்டத்த வித்துப் புகை வாங்கினவன்" என்பா.

ஊரார் இன்னும் மோசம். விமானம் வாங்கியதால் மாமாவுக்குத் 'தொர' என்று பட்டமும் வைத்திருந்தார்கள். "இதால என்ன பிரயோசனம், தொர?"

"ஒரு பிரயோசனமும் இல்ல. அதாலதான் வெச்சிரிக்கேன்" என்பார் மாமா.

அந்த வருஷம் நோன்பு, தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றோடு வந்தது. இருபத்தொன்பதாம் நோன்பன்று பிறை பார்க்க ஊரே கடற்கரையில் நின்றது. மேற்கே கழுவாத சட்டியைக் கவிழ்த்த மாதிரி மேகம். கூட்டத்தில் ஒருவன் பகிடியாகச் சொன்னான்: "தொரய மேல அனுப்புங்க, மூடியத் தூக்கிப் பாத்துட்டு வரட்டும்." சிரித்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பள்ளியில் தொழுகை நடத்தும் ஹஸ்ரத் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

மாமா எழும்பினார். நான் அவருக்கு முன்பே ஓடிப்போய், களப்போரம் நின்ற விமானத்தின் ஆசனத்தில் ஏறியிருந்தேன். நாங்கள் கண்டு வந்தால் நாளைக்குப் பெருநாள். மாமாவைப் பார்த்துச் சிரித்தவர்களின் வாயும் அடைபட்டுவிடும். எனக்கு இரண்டும் வேண்டியிருந்தது.

கடலுக்கு மேலே மேகத்தில் ஓர் இடைவெளி தெரிந்தது. அதற்குள்ளால் ஏறினோம். கீழே பாங்கு சொல்லியிருப்பார்கள், கஞ்சிக் கோப்பைகள் காலியாகியிருக்கும். மேலே சூரியன் இன்னும் மறையவில்லை! சட்டைப் பையில் ஈச்சம்பழம் இருந்தும் மாமா தொடவில்லை. "அது மறையட்டும்" என்று மேற்கைக் காட்டினார். ஊரெல்லாம் நோன்பு திறந்த பிறகும் நாங்கள் இருவர் மட்டும் வெளிச்சத்துக்குள் பசியோடு பறந்தோம். அவ்வளவு பெரிய பசியும் அவ்வளவு பெரிய சந்தோஷமும் சேர்ந்து எனக்குப் பிறகு வாய்த்ததில்லை.

சூரியன் பஞ்சுக்குள் அமிழ்ந்தது. பழத்தை வாயில் போட்டோம். கொட்டையைத் துப்ப இடம் தேடித் திரும்பியபோது நான்தான் முதலில் கண்டேன். நெத்தலி முள்ளைவிட மெல்லியதாய், ஒருபக்கம் சாய்ந்து, பிறை. மாமாவும் கண்டார். நபிகள் மேல் ஸலவாத்துச் சொன்னார்.

உப்பு லொறிகள் வெளிச்சம் பிடிக்க, ஊரே கழுதை கலைக்க, இருட்டோடு இறங்கினோம்.

"கண்ணால கண்டீங்களா?" என்றார் ஹஸ்ரத்.

"ஓம், ஹஸ்ரத். இவளும் கண்டா."

"இன்னுங் கொஞ்சம் ஏறியிருந்தா ஹஜ்ஜுப் பெருநாள் பிறையையும் கண்டிருப்பீங்க, தொர" என்றது ஒரு குரல். வெளி முழுக்கச் சிரிப்பு. மாமாவும் சிரித்தார்.

ஹஸ்ரத் சிரிக்கவில்லை. "தரையில நிக்கிற நாங்க காணல்ல. ஊருக்கு நாளைக்கும் நோன்பு. நீங்க கண்டது உண்மையெண்டா உங்களுக்கு நோன்பில்ல. ஆனா, மறைவா இரிங்க." கொழும்பிலிருந்து ரேடியோவும் பிறை தென்படவில்லை என்றே சொன்னது. நான் அழுதுகொண்டே படுத்தேன்.

விடிந்தபோது வீட்டுக்குள் ஏலக்காய் மணத்தது. குசினி ஜன்னல்கள் எல்லாம் அடைத்திருந்தன, இடுக்குகளில் ஈரத்துணி. உம்மா நோன்போடு, நாக்கில் ஒரு சொட்டும் வைத்துப் பார்க்காமல், பெருநாள் இனிப்பான வட்டிலப்பம் அவித்திருந்தா. இரண்டு தட்டுகள். ஒன்று மாமாவுக்கு, மற்றது எனக்கு. பெருநாளுக்குத் தைத்த சட்டையையும் எடுத்துத் தந்தா. கண்டாயா என்று மாமாவிடமும் கேட்கவில்லை, என்னிடமும் கேட்கவில்லை. சின்னப்பிள்ளைக்குப் பசிக்கும் என்று தந்ததாகத்தான் நான் நினைத்தேன். இரண்டாம் தரமும் கேட்டு வாங்கித் தின்றேன்.

நோன்பாளிகளுக்கு நடுவில் ஒளித்துத் தின்றுகொண்டு இருக்க மாமாவுக்குப் பிடிக்கவில்லை. தோட்டத்துக்கே போகிறேன் என்றார். உம்மாவும் கூடவே வெளிக்கு வந்தா. முந்தானை தோளிலேயே கிடந்தது. முதல்முறையாக விமானத்துக்குக் கிட்டப் போய், மாட்டைத் தடவுவது மாதிரி இறக்கையைத் தடவினா.

அடுத்த நோன்புக்குள் நாட்டில் சண்டை மூண்டு, சின்ன விமானங்களுக்கு வானம் மூடிவிடும் என்று எங்கள் மூவருக்கும் தெரியாது. உம்மா அப்போது சொன்னதைக் கேட்டு எனக்குக் கோபம்தான் வந்தது. மாமாவின் சொல்லில் சந்தேகப்பட்டு, தன் கண்ணாலேயே பார்க்கக் கேட்கிறா என்று அந்த வயதில் எண்ணினேன்.

எஞ்சின் இருமிப் பிடித்தது. கழுதைகள் கலைந்தன. அந்தச் சத்தத்துக்கு மேலால் உம்மா குரலை உயர்த்தினா:

"தம்பி, அடுத்த பிறைக்கு என்னையும் ஏத்திட்டுப் போ."