எழுத்துக்கு மட்டும் வழிவிட்ட லைன்

போன வாரம் தக்கலையில் பேருந்துக்கு நின்றுகொண்டிருந்தேன். ரப்பர் ஷீட் ஏற்றிய சின்ன வண்டி ஒன்று உரசுவதுபோலக் கடந்து போயிற்று. புகைபோட்டுக் காயவைத்த ஷீட்டின் வாசனையைத் தெரியாதவர்களுக்கு விளக்குவது கஷ்டம். கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் கரி. பக்கத்தில் நின்ற பெண் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். எனக்கோ கம்ப்யூட்டர் ஞாபகம் வந்தது. சிரிக்காதீர்கள். நான் வாழ்ந்த வீட்டில் கம்ப்யூட்டரும் ரப்பர் ஷீட்டும் ஒரே அறையில்தான் இருந்தன.

குலசேகரத்தில் மலையோரம், ரப்பர் தோட்டத்துக்கு நடுவே இருந்தது என்னைக் கட்டிக்கொடுத்த வீடு. இரண்டாயிரத்து ஐந்தை ஒட்டிய காலம். கல்யாண விடுமுறை தீர்ந்ததும் அவர் மஸ்கட்டுக்குத் திரும்பிப் போய்விட்டார். போவதற்கு முன் ஒரு கம்ப்யூட்டரும், மோடம் என்கிற விளக்கு மினுக்கும் சின்னப் பெட்டியும் வாங்கி வைத்தார். நான் கம்ப்யூட்டர் டிப்ளமா படித்தவள், சும்மா இருக்க வேண்டாமே என்று. வேறு அறை இல்லாததால் ஷீட் அடுக்கிவைக்கும் அறைக்கு டெலிபோன் வயரை இழுத்தார்கள். அங்கே உட்கார்ந்து எழுந்தால் என் தலைமுடியே ரப்பர் வாசனை அடிக்கும்.

முதல் சில மாதம் எங்கள் தாம்பத்தியம் வெள்ளிக்கிழமை போனில்தான் நடந்தது. அங்கே விடுமுறை நாள் அது. அவர் கார்டு போட்டுக் கூப்பிடுவார். முதலில் மாமா, பிறகு மாமி, பிறகு அன்றைக்கு வீட்டுக்கு யார் வந்திருக்கிறார்களோ அவர்கள். கல்ஃப் வீடுகளில் அதுதான் வழக்கம், பெற்றவர்களைத் தாண்டிக்கொண்டு பெண்டாட்டி போய் ரிசீவரை வாங்க முடியாது. கடைசியில் என் கைக்கு வரும்போது, "கார்டு தீரப் போவுது. சாப்பிட்டியா?" என்பார். "ஆமா" என்பேன். லைன் போய்விடும். நான் சாப்பிட்டேனா என்பதில் என் கணவருக்கு அக்கறை உண்டு. அவரைப் பற்றி அது ஒன்றுதான் எனக்குத் தெரியும். கல்யாண ஆல்பத்தைத் திறந்தால் மாலையும் வியர்வையுமாக நிற்கிற மனிதர் யாரோ எவரோ என்று தோன்றும். பயமாக இருந்தது.

தக்கலையில் என்னோடு படித்த ஷீபா பிரவுசிங் சென்டர் வைத்திருந்தாள். மோடத்தில் கணவரோடு பேச என்ன சாஃப்ட்வேர் போடலாம் என்று அவளிடம் போய்க் கேட்டேன். அவள் ஒரு சிடியில் சிலவற்றை ஏற்றித் தந்தாள்.

"ஏட்டி, ஒண்ணுல மொகம் தெரியும், ஒண்ணுல சத்தம் கேக்கும், இன்னொண்ணுல டைப் அடிக்க மட்டுந்தான் பற்றும். ஒனக்கு எது வேணும்?"

"எல்லாம் வேணும்."

"ஒங்க ஊரு லைனு அதுக்கெல்லாம் இழுக்காது. ஏதாவது ஒண்ணத் தீர்மானி."

கணவனின் முகம் வேண்டுமா, குரல் வேண்டுமா, சொல் வேண்டுமா என்று ஒரு பெண்ணிடம் கேட்டால் அவள் என்ன சொல்வாள்? நான் எல்லாரையும் போல முகத்தில்தான் தொடங்கினேன். மோடம் கீச்சிட்டு, உறுமி, தொண்டையைக் கனைத்துக்கொண்டு இணைந்தது. அறை நிறைய ஆட்கள். திரையில் அவர் முகம் மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தது. வந்தது அப்படியே நின்றுவிட்டது, ஒரு கண் மூடி, வாய் திறந்து. மாமி திரையைத் தடவினார்.

"மக்கா, எதுக்கு வாயத் தொறந்துட்டே இருக்க? பல்லு வலிக்குதா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. மாமி அழுதுகொண்டிருந்ததால் அடக்கிக்கொண்டேன். அந்த முகத்தோடேயே லைன் அறுந்தது.

அடுத்து குரல். அதுவும் கிணற்றுக்குள்ளிருந்து வந்ததுபோல் இருந்தது. ஒரு கேள்விக்கு நாம் பதில் சொல்லி முடிக்கும்போது அவர் அதற்கடுத்த கேள்வியில் இருப்பார். மாமாவின் முட்டுவலி எப்படி என்று கேட்டதற்கு, பசு கன்று போட்ட செய்தி பதிலாகப் போய்ச் சேர்ந்தது. "இது செரிப்படாது, போனே போதும்" என்று மாமி எழுந்து போனார். மற்றவர்களும் போனார்கள்.

அப்படித்தான் மூன்றாவதுக்கு வந்தேன். சாம்பல் நிறத்தில் ஒரு வெறும் கட்டம், கீழே எழுத ஒரு வரி. தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். படமும் இல்லை, சத்தமும் இல்லை என்பதால் வீட்டில் யாரும் அதன் பக்கம் திரும்பவில்லை. மாமி மட்டும் வாசலில் நின்று, "என்ன சொல்லுதான்?" என்பார். "ஒங்க சளி கொறஞ்சுதான்னு கேக்காரு மாமி" என்பேன். அவர் கேட்டிருப்பார்தான். அதற்குக் கீழே உள்ளதை நான் வாசிக்க மாட்டேன்.

கீழே நிறைய இருந்தது. நேரில் நாலு வார்த்தை சேர்த்துப் பேசாத மனிதர் எழுத்தில் கொட்டித் தீர்த்தார். லிஃப்டில் ஏறினால் பயம், அதனால் படியிலேயே போவேன் என்று எழுதினார். கல்யாணத்தன்று பந்தியில் நான் அப்பளத்தைச் சத்தம் வராமல் உடைக்கப் பாடுபட்டதைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். நானும் எழுதினேன். மழை தொடங்கி ரப்பர் இலைகளில் இரைகிறபோது காரணமில்லாமல் அழுகை வருகிறது என்று எழுதினேன். இந்த வீட்டில் எல்லாரும் நல்லவர்கள், ஆனால் எனக்கென்று ஒருவரும் இல்லை என்று எழுதினேன். மோடத்தின் விளக்கைத் திரும்பிப் பார்த்தேன். லைன் போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு ஒரு வரி வந்தது: எனக்கும் இங்க அப்படித்தான்.

அந்த அறையில் அன்றைக்கு நான் தனியாக இல்லை. அப்படித் தோன்றியது அதுதான் முதல் தடவை.

அந்த நாட்களில் எங்களுக்குப் பெரிய எதிரி ஐப்பசி இடிதான். மலையில் உறும ஆரம்பித்தாலே, பாதி வாக்கியத்தில் ஓடிப்போய் வயரைப் பிடுங்க வேண்டும். நான் லைனில் இருக்கும்வரை வீட்டுப் போன் வேலை செய்யாது என்பதால், "எப்பக் கூப்பிட்டாலும் எங்கேஜு" என்று சொந்தக்காரர்களின் ஏச்சு வேறு.

இரண்டு வருடம் கழித்து அவர் விடுமுறையில் வந்தார். பெட்டி பிரித்தார்கள், சென்டும் துணியும் பங்கு வைத்தார்கள், வீடு நிறைய ஆட்கள். நான் சாயா கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "சாப்பிட்டியா?" என்றார். "ஆமா" என்றேன். அவ்வளவுதான். அறைக்குள் தனியாக இருக்கும்போதும் அவ்வளவுதான். எழுத்தில் எனக்கு அத்தனை தெரிந்த மனிதர் எதிரில் உட்கார்ந்து துண்டை மடித்துக்கொண்டிருந்தார். லிஃப்டுக்குப் பயப்படுகிறவர் இவர்தானா என்று ஒளிந்து ஒளிந்து பார்த்தேன். நாட்கள் இப்படியே போயின. எனக்குள் பழைய பயம் திரும்பவும் வந்துவிட்டது.

ஒரு மத்தியானம் மற்றவர்கள் கல்யாண வீட்டுக்குப் போயிருந்தார்கள். ஷீட் அறையில் கம்ப்யூட்டர் ஓடும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அவர் மோடத்தைப் போடவில்லை. வெறும் பக்கம் ஒன்றைத் திறந்து, ஒற்றை விரலால் அடித்துக்கொண்டிருந்தார். ஏன் எங்கிட்ட பேச மாட்டுக்க? அடித்து முடித்துக் கீபோர்டை என் பக்கம் தள்ளினார். முகத்தைப் பார்க்கவில்லை. நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நீங்களுந்தான் பேசல்ல, என்று அடித்தேன். கீபோர்டை அவர் பக்கம் தள்ளினேன். அதன்பிறகு அது எங்கள் நடுவில் போவதும் வருவதுமாக இருந்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. எங்கள் தோள்கள் தொட்டுக்கொண்டிருந்தன.

கல்யாண வீட்டிலிருந்து மாமி திரும்பி வந்து பார்த்தார்.

"ரெண்டு பேரும் மிண்டாம பொட்டியப் பாத்துட்டு இருக்கியளே, சண்டையா?"

"இல்ல மாமி" என்றேன். என் கணவர் பக்கத்தை மூடப் போனார், எழுதியதைச் சேமிக்கட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. யாராவது பார்த்துவிடப் போகிறார்கள் என்று அவர் அவசரமாக வேண்டாம் என்பதை அழுத்தினார்.

அவர் மஸ்கட்டுக்குத் திரும்பிப் போன பிறகும் சில வருடம் எழுதிக்கொண்டோம். ஓர் ஐப்பசியில் வயரைப் பிடுங்குவதற்குள் மோடம் கருகியது. பிராட்பேண்ட் வந்தது. அந்தச் சாம்பல் கட்டத்தை நடத்தியவர்கள் அதை மூடிவிட்டார்கள், நாங்கள் எழுதியது ஒரு வரிகூட மிஞ்சவில்லை. ஷீபாவின் சென்டர் இப்போது செல்போன் கவர் விற்கும் கடை. பிறகு நல்ல போன்கள் வந்து முகம், குரல் எல்லாம் தெளிவாக வந்தன. முகம் தெரிகிறதே என்று வீட்டில் எல்லாரும் கூடினார்கள். நாங்கள் மறுபடியும் சாப்பாட்டைப் பற்றி விசாரித்துக்கொண்டோம்.

அவர் வேலையை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிட்டார். தக்கலைக்குப் பக்கத்தில் வீடு கட்டிக் குடியேறிவிட்டோம். நல்ல மனிதர், ஒரு குறையும் சொல்ல முடியாது. போன வாரம், ரப்பர் வண்டியைப் பார்த்த அன்று, பேருந்திலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்தபோது அவர் முன்னறையில் போனில் ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். நான் அடுக்களைக்குப் போய், கொஞ்சம் யோசித்து, என் போனை எடுத்து அவருக்கு எழுதினேன். என்ன செய்யுதிய?

முன்னறையில் போன் சிணுங்கியது. வீடியோவின் சத்தம் நின்றது. நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன வேணும்?" என்று அங்கிருந்தே குரல் வந்தது. "வாயத் தொறந்து சொல்லேன், இங்கதான இருக்கேன்."

"ஒண்ணுமில்ல. சாயா போடட்டான்னு கேட்டேன்."

"ஆங், போடு" என்றார்.