ஹேராமாயாவின் முறை

நம்பாதவர்களை நம்பவைக்க எனக்கு நேரமில்லை. அடுத்த வாரம் பரீட்சை. ஆனால் இது நேபாளத்தில் எங்கள் பக்தபூரில், போன ஜனவரியில் மாக மாதப் பிறப்பன்று நடந்தது. பன்னிரண்டு வெளிநாட்டுக்காரர்கள் தங்கள் காதால் கேட்டார்கள். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அதுதான் என் பிரச்சினை.

கல்லூரி நேரம் போக, நுச்சே கோஜு அண்ணனுக்கு நான் உதவியாள். பழைய கோயில்களைச் சுற்றிக் காட்டுவது அவர் தொழில். சட்டைக் காலரில் சின்ன மைக் மாட்டிக்கொண்டு பேசுவார். வந்தவர்களும் நாங்களும் ஆளுக்கொரு கருவியைக் காதில் மாட்டிக்கொள்வோம்; அவர் பேசுவது அதில் கேட்கும். கருவிகளைக் கொடுப்பது, திரும்ப வாங்குவது, யாரும் கிணற்றில் விழாமல் கடைசியில் நடப்பது என் வேலை. அண்ணன் கணக்கில் எந்தக் கோயிலுக்கும் ஆயிரம் வயதுக்குக் குறையாது. ஒருமுறை ஒரு பொதுக் கழிப்பறையையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டார். எல்லோரும் பக்தியோடு படம் எடுத்துக்கொண்டார்கள்.

அன்று விடிந்தும் விடியாத பனி. முன்னால் போகும் ஆளின் முதுகு மட்டும் தெரிந்தது. குயவர் தெருவைத் தாண்டியபோது காதில் அண்ணன் குரலோடு இன்னொரு சத்தம் கேட்டது. யாரோ எச்சில் விழுங்கும் சத்தம். வறண்ட தொண்டை. விழுங்க முடியாமல் விழுங்குவது போல...

அண்ணனுக்குச் சளி என்று நினைத்தேன்.

அடுத்தது பகவதி முற்றம். அங்கே ஒரு சின்னக் கோயில் இருக்கிறது. உள்ளே பகவதி இல்லை. இரண்டு வருடம் முன்பு களவு போய்விட்டாள். எங்கள் ஊரில் இப்படிப்பட்ட கோயில்களைக் குடும்பங்கள் மாதத்துக்கு ஒரு வீடாக முறை வைத்துப் பார்த்துக்கொள்ளும். முறைக்காரர் அன்றாடப் பூசை முடிக்காமல் வாயில் ஒன்றும் வைக்கக் கூடாது. மாதப் பிறப்பு அதிகாலையில் கோயில் சாவியை அடுத்த முறைக்குரிய வீட்டுக்காரர் கையில் வைத்தால் முறை கைமாறிவிடும்.

களவு போனது ஹேராமாயா என்ற பெண்ணின் முறையில். அவளே விற்றுவிட்டாள் என்று ஊர் பேசியது. அடுத்த வீட்டார் சாவியை வாங்க மறுத்தார்கள். அதனால் அவள் முறை முடியவே இல்லை. சாமி இல்லை, பூசை இல்லை, பூசை இல்லாமல் சோறும் இல்லை. பிடிவாதக்காரி. அப்படியே செத்துப்போனாள்.

அண்ணன் இதையெல்லாம் விருந்தாளிகளிடம் சொல்வதில்லை. சிலை பாதுகாப்பாக அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்பார். அன்றும் சொன்னார்.

"பொய்."

காதில். எங்கள் நேவார் பாஷையில். பெண் குரல்.

அண்ணன் நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார்.

"படம் எடுக்க ஒருத்தனக் கூட்டிட்டு வந்தியே நுச்சே. 'அக்கா, ஒரு நிமிஷம் தொறந்து காட்டுங்கக்கா'ன்னு கெஞ்சுனியே. அதையும் சொல்லேன்."

விருந்தாளிகள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு டச்சுக்கார அம்மாள் கண்ணை மூடி ரசித்தாள். நான் பையைத் திறந்து பார்த்தேன். உபரியாக இருந்த ஒரே மைக். அணைத்துத்தான் வைத்திருந்தேன்.

பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அவன் பூட்டப் பாத்து வச்சுக்கிட்டான். உனக்கு எவ்வளவு குடுத்தான்?"

நெய் கருகும் வாசம். பனிக்குள் அண்ணன் நிழலாகத் தெரிந்தார். அவருக்கு எதிரே இன்னொரு நிழல்... ஒல்லியாக. மிக ஒல்லியாக.

அது கையை நீட்டியது.

"இந்தா."

எங்கள் ஊரில் பெரியவர் எதையாவது நீட்டினால் யோசிக்க மாட்டோம். இரண்டு கையும் தானாகப் போகும். வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொள்வோம். தாய்ப்பாலோடு வந்த பழக்கம்.

அண்ணன் வாங்கினார்.

நெற்றியில் ஒற்றினார்.

பிறகுதான் பார்த்தார்.

இரும்புச் சாவி.

முற்றத்தில் எங்களைத் தவிர யாரும் இல்லை. மணி ஆறு நாற்பது.

கடைசியில் பாடிய அந்தப் பெண் மிக அருமை என்று டச்சு அம்மாள் பாராட்டிவிட்டுப் போனாள். பனியைத்தான் குறை சொன்னாள்.

மாதப் பிறப்புக்காக அன்று ஊரே நெய்யும் எள்ளுருண்டையும் கிழங்குமாகத் தின்றது. அண்ணன் ஓர் எள்ளுருண்டையை வாயில் போட்டார். மென்றார், மென்றார்... இறங்கவில்லை. துப்பினார். சோறும் அப்படித்தான். மறுநாள் தண்ணீரும். மருத்துவமனையில் குழாய் விட்டுப் பார்த்து, தொண்டை சுத்தமாக இருக்கிறது என்றார்கள். சாவியைக் கிணற்றில் போட்டார். காலையில் தலையணைக்கடியில் கிடந்தது. படம் எடுத்தவனைத் தேடிப் போன் போட்டார். அந்த எண் இப்போது ஒரு கோழிக்கடையுடையது.

என்னைக் கூப்பிட்டனுப்பினார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"பிகேஷ், நான்தான்டா காட்டிக்குடுத்தேன். இத அவ புருஷன்கிட்ட குடுத்துடு. அவர் வாங்கிட்டா போதும். என்னால முடியலடா."

சாவியைக் கையால் தொடாமல் கைக்குட்டையில் முடிந்து எடுத்துப்போனேன்.

ஹேராமாயாவின் கணவர் ஆசா பகதூர் வாசலில் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தார். முடிச்சை அவிழ்த்துக் காட்டினேன். அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். எங்கே கிடைத்தது என்று கேட்டார். சொன்னேன்.

"சாகும்போது அவ கைக்குள்ள இருந்துச்சு தம்பி. விரலப் பிரிக்க முடியல. வெந்நீர் ஊத்திப் பாத்தோம். நெய் தடவிப் பாத்தோம். கடைசில அப்படியே எரிச்சோம். சாம்பல சலிச்சுத் தேடினேன். ஒரு துண்டு இரும்பு கெடைக்கல."

அவர் என் கையிலிருந்த சாவியைப் பார்த்தார்.

"அவன் சாப்பிடறானா?"

"தண்ணி கூட இறங்கல மாமா."

"நல்லது," என்றார். பிறகு உள்ளே பார்த்து மகளிடம் தனக்குச் சோறு போடச் சொன்னார்.

சாவியை மறுபடி முடிந்துகொண்டு திரும்பி ஓடினேன். அண்ணன் சுவரில் சாய்ந்திருந்தார். வாங்கிட்டாரா என்று கண்ணால் கேட்டார். கைக்குட்டையை அவிழ்த்தேன்.

காலி.

அண்ணன் மெல்ல வலது கையைத் தூக்கினார். இறுக மூடிய முஷ்டி. நகங்கள் சதைக்குள் புதைந்திருந்தன. நானும் அவர் மனைவியும் சேர்ந்து இழுத்தோம். ஒரு விரல்கூட அசையவில்லை.

இரு, வெந்நீர் கொண்டுவருகிறேன் என்று அவள் அடுப்படிக்கு ஓடினாள்.

நான் அவளைத் தடுக்கவில்லை.