ஒரு வெங்காயமா, ஒரு கூடையா?

மண்டையில் கம்பி ஒட்டி மூளையின் ஓட்டத்தைத் தாளில் கோடாக வரையவைக்கும் வேலையில், மூளை தொல்லை தருவதில்லை. அதைச் சுமந்து வருகிறவர்தான் தருவார். முடிதிருத்தும் தோழர்களே, பல் பிடுங்கும் அண்ணன்மார்களே, உங்களுக்காவது என் கஷ்டம் புரியும்.

அறுபதுகளின் கடைசி. போர்ட் பிளேயர். துணிந்து முடிவெடுக்கும்போது மூளை என்ன செய்கிறது என்று பார்க்க, மெயின்லேண்டிலிருந்து ஒரு டாக்டர் மெஷினோடு வந்தார். அபர்டீன் பஜாரில் வெங்காயம் தீர்ந்துபோயிருந்த சமயம். அவர் மூட்டையாகக் கொண்டுவந்த வெங்காயம்தான் பரிசு. இடது பொத்தானுக்கு ஒரு வெங்காயம் நிச்சயம். வலது பொத்தானுக்கு ஒரு கூடை கிடைக்கலாம், ஒன்றுமே கிடைக்காமலும் போகலாம். அடுத்த கப்பலுக்குள் துணிந்த முடிவின் ஒரு நல்ல பதிவாவது தேறாவிட்டால் மெஷினும் போகும், என் வேலையும் போகும்.

எண்ணெய்

பெரார்கஞ்ச் முனியாண்டி தலை சொட்டச் சொட்டத் தேங்காயெண்ணெயோடு வந்தார். ஒட்டிய கம்பியெல்லாம் வழுக்கிக் காதுக்கு வந்தது. சோப்புப் போட்டுத் தேய்த்தே என் கை ஓய்ந்தது. ஏனய்யா இப்படி என்று கத்தினேன்.

“வறண்ட தலையோட வந்தா, வீட்ல ஏதோ சாவுன்னுல்ல நெனப்பாங்க?”

முணுமுணுப்பு

மீனவர் சவரிமுத்துவுக்குத் தலையில் எண்ணெய் இல்லை. ஆனால் பொத்தானைத் தொடுமுன் ஒவ்வொரு தடவையும் ஜெபம். தாடை அசைந்ததில் பேனா முள் பேயாட்டம் ஆடியது. ஜெபிக்காமல் அழுத்துங்கள் என்று கெஞ்சினேன்.

“அந்தோணியார்ட்ட கேக்காம நான் வலையே எறக்க மாட்டேன். வெங்காயத்துக்கு மட்டும் தனியா முடிவெடுக்கச் சொல்லுதியளா?”

கல்லுப்பிள்ளையார்

சிப்பிகாட் ராசாத்தியம்மாள் கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் உட்கார்ந்தார். பதிவு பளிச்சென்று விழுந்தது. எனக்கு உயிர் வந்தது. ஆனால் அந்த அம்மாள் அழுத்தியதெல்லாம் இடது பொத்தான்தான். ஒரு தடவையாவது துணியுங்கள் என்று டாக்டர் கும்பிடாத குறை.

“இருந்த வீட்டை வித்துட்டு, பாக்காத காட்டை நம்பிக் கடல் தாண்டுனவ சாப் நானு. அந்த ஒரு சூதாட்டம் போதும். வெங்காயத்தக் குடுங்க, அடுப்புல கொழம்பு கெடக்கு.”

கப்பல்

கப்பல் வந்துவிட்டது. மெஷினை மூட்டை கட்டிய டாக்டர், கூடவே மெட்ராஸ் வந்தால் வேலை நிச்சயம் என்றார். சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்தது. இங்கே இருந்தால் கையில் ஒன்றுமில்லை. வீட்டுக்கு ஓடி மனைவியிடம் சொன்னேன்.

“திரும்பிப் போறதுக்கா வர்ற வழியெல்லாம் அவ்ளோ வாந்தி எடுத்தேன்?”

கப்பல் சங்கு ஊதிப் புறப்பட்டபோது, அது இறக்கிவிட்டுப் போன வெங்காயத்தைப் பஜாரில் கூவி விற்றுக்கொண்டிருந்தேன். துணிந்து வலது பொத்தானை அழுத்தியது கடைசியில் என் மண்டைதான், அதில் கம்பி ஒட்டத்தான் ஆளில்லை.